மாபெரும் குள்ள கேலக்சி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் முன்னறையில், பட்டப்பகலில், ஜன்னல்களையெல்லாம் சாத்தி, திரைச்சீலையை இழுத்துவிட்டு, அதற்கு மேல் ஒரு பழைய போர்வையையும் தொங்கவிட்டுக்கொண்டு நான் தனியே உட்கார்ந்திருப்பேன். வாரத்தில் நான்கு நாள், கல்லூரியில் இயற்பியல் வகுப்புகளை முடித்துவிட்டு வந்ததும், மூன்று மணியிலிருந்து ஐந்தரை வரை. எதிர்வீட்டு அம்மாள் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு மொட்டை மாடியில் துணி எடுக்கப் போன என் மனைவியை மடக்கிக் கேட்டுவிட்டார்.

“சாருக்கு ‘மெட்ராஸ் ஐ’ வந்துருக்குதா? இவ்ளோ நாளா எறங்காம இருக்குதே, பெரிய டாக்டரா பாத்துக் காட்டக் கூடாதா?”

“கண்ணு நல்லாத்தாங்க இருக்கு. கேலக்சி பாக்குறாரு.”

“பகல்லயா?”

“பகல்லதான். ராத்திரியில தூங்கிடுவாரு.”

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. தொலைநோக்கி இருப்பது விண்வெளியில். அது பாட்டுக்கு வானத்தைத் துண்டு துண்டாகப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்தப் படங்களில் குள்ள கேலக்சிகளை, அதாவது குள்ள விண்மீன் மண்டலங்களைத் தேடிக் கணக்கெடுக்கும் குழுவொன்றில், என்னோடு ஆராய்ச்சி படித்து இப்போது பெங்களூரில் இருக்கும் நண்பர் ஒருவர் என்னையும் சேர்த்துவிட்டார். குழுவில் பல தேசத்து ஆட்கள். நாங்கள் யாரும் நேரில் சந்தித்ததில்லை.

நம் சூரியன் இருக்கிற பால்வீதி பெரிய பட்டணம் என்றால், குள்ள விண்மீன் மண்டலம் என்பது நாலு வீடும் ஒரு டீக்கடையும் இருக்கிற கூட்டுரோடு. நட்சத்திரங்கள் குறைவு. இருப்பதும் விலகி விலகி இருக்கும். படத்தில் அது எப்படித் தெரியும் என்றால், வெள்ளைச் சட்டையில் ஈரவிரல் பட்டுக் காய்ந்த பிறகு ஒரு தடம் இருக்கிறதா இல்லையா என்று நமக்கே சந்தேகம் வருமே, அப்படித் தெரியும். அறையில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தாலும் அது கண்ணுக்குத் தப்பிவிடும். போர்வை அதற்காகத்தான். கம்ப்யூட்டர், சந்தேகப்படும் இடங்களைப் பொறுக்கித் தரும். நான் ஒவ்வொன்றாகப் பார்த்து ‘ஆம்’, ‘இல்லை’, ‘சந்தேகம்’ என்ற மூன்றில் ஒன்றை அழுத்த வேண்டும். அதே படத்தை வேறு ஏதோ ஒரு நாட்டில் இரண்டாவது ஆள் ஒருவர் பார்ப்பார். நான் என்ன சொன்னேன் என்பது அவருக்குத் தெரியாது. இரண்டு பேரும் ‘ஆம்’ என்றால்தான் அது அடுத்த கட்டத்துக்கே போகும்.

நான் அழுத்தியது பெரும்பாலும் ‘இல்லை’தான்.

ஒரு சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கண் சொக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அது வந்தது. வட்டமாக, மெத்தென்று, ஓரங்கள் கரைந்து, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரியான ஒரு வெளுப்பு. தூக்கம் போய்விட்டது. படத்தைப் பெரிதாக்கினேன், சிறிதாக்கினேன், கறுப்பை வெள்ளையாக்கிப் பார்த்தேன். இருந்தது. ஏற்கெனவே கண்டுபிடித்தவற்றின் பட்டியல்களில் தேடினேன். அந்த இடத்தில் எதுவும் இல்லை. ‘ஆம்’ என்று அழுத்தினேன். அதோடு எழுந்துபோய் முகம் கழுவியிருக்கலாம். அதைச் செய்யாமல் மனைவியைக் கூப்பிட்டேன்.

மாவு பிசைந்த கையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

“எங்க?”

“இதோ, இங்க. தெரியல?”

“ஸ்கிரீனத் தொடச்சீங்களா?”

முந்தானையால் அவளே அழுத்தித் துடைத்தாள். தடம் போகவில்லை. இன்னொரு முறை வாயால் ஊதித் துடைத்தாள். அப்போதும் போகவில்லை. என் பத்து வருட ஆராய்ச்சியின் மேல் வராத நம்பிக்கை அந்த நிமிஷத்தில் அவளுக்கு வந்துவிட்டது.

“ஏங்க, இது நெஜமாவே இருக்குதே!”

“இதுவரைக்கும் ஒலகத்துல யாரும் பாக்காதது,” என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. அவள் சமையலறைக்குப் போய், கை கழுவி, சிதம்பரத்தில் இருக்கும் தன் தம்பிக்குப் போன் போட்டாள்.

என் மைத்துனர் சிதம்பரத்தில் ஃபிளெக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறார். காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று அந்த ஊர் மனிதர்களின் வாழ்க்கையில் முக்கியமான எல்லாக் கட்டங்களும் அவருடைய மெஷின் வழியாகத்தான் போகும். தங்கமான மனிதர். ஒரே ஒரு குணம், நல்ல செய்தி எதையும் பத்தடிக்கு ஆறடி அளவுக்குக் குறைவாக அவரால் யோசிக்க முடியாது. அத்துடன் தன் கடைத் தெருவின் வியாபாரிகள் சங்கத்துக்கு அவர் செயலாளரும்கூட. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் ஆண்டு விழா. சிறப்பு விருந்தினராக வரச் சம்மதித்திருந்தவர், உறவில் சாவு என்று அன்று காலைதான் கைவிரித்திருந்தார்.

பத்து நிமிஷத்தில் என் போன் அடித்தது.

“மாமா! அக்கா சொல்லிச்சி. நீங்க பாட்டுக்கு சும்மா இருந்துகினு என்னா வேல பண்ணிருக்கீங்க! ஞாயித்துக்கெழம காலைல பத்து மணிக்கு வந்துடுங்க. மத்தது எல்லாம் நான் பாத்துக்குறேன்.”

“மச்சான், கொஞ்சம் இரு. இன்னும் ரெண்டாவது ஆளு பாக்கல.”

“அவுங்க பாத்துட்டு ரெண்டாவதா வரட்டும் மாமா. நீங்கதான மொதல்ல?”

வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன், ஆனால் உறுதியாகச் சொல்லவில்லை. பதினேழு வருடமாக நான் வகுப்பில் நடத்தும் பாடத்தை யாரும் கைதட்டிக் கேட்டதில்லை. மேடை, மைக், மாலை என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கும் உள்ளே ஏதோ ஒன்று இளகியது.

திங்கட்கிழமை அவர் படம் கேட்டார். அனுப்பினேன். உடனே திரும்ப அழைத்தார்.

“மாமா, நீங்க அனுப்புன படம் ஓப்பன் ஆகல. வெறும் சாம்பக் கலரா வருது.”

“அதுதான் படம்.”

“கொசு அடிச்ச சொவரு மாதிரி இருக்குது மாமா. சரி விடுங்க, நான் பாத்துக்குறேன்.”

செவ்வாய்க்கிழமை வாசகத்தைப் படித்துக் காட்டினார். ‘குள்ள கேலக்சி கண்டுபிடித்த’ என்று தொடங்கியது. என் மனைவி போனைப் பிடுங்கினாள். என் உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். அவள் என்னைவிட மூன்று விரற்கடை உயரம். கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அவள் உட்கார்ந்திருப்பாள்.

“டேய், இவுரு போட்டோவப் போட்டு பக்கத்துல குள்ளன்னு எழுதுனா, படிக்கிறவன் யாரைன்னு நெனப்பான்?”

“அக்கா, மாமாதான் அந்தப் பேரு சொன்னாரு.”

“மாமா சொன்னா? சின்ன கேலக்சின்னு போடு.”

“சின்னதுன்னு போட்டா மதிப்பில்லக்கா.”

இருவரும் வெகுநேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அறிவியல் காரணங்களைச் சொல்லி நான் தெரிவித்த ஆட்சேபணையை யாரும் காதில் வாங்கவில்லை.

வியாழக்கிழமை மதியம், கல்லூரி ஆசிரியர் அறையில் தயிர்சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மின்னஞ்சலைப் பார்த்தேன். இரண்டாவது ஆள் பார்த்துவிட்டார். அவர் ஸ்பெயினில் இருக்கும் ஓர் ஆய்வாளர், ஒரு பெண்மணி. ரொம்பவும் மரியாதையாக எழுதியிருந்தார். ‘நீங்கள் குறித்தது எனக்கு கோஸ்ட் போலப் படுகிறது. படத்தின் சட்டகத்துக்குச் சற்று வெளியே ஒரு பிரகாசமான நட்சத்திரம் இருப்பதைக் கவனித்தீர்களா?’

கவனிக்கவில்லை. பிரகாசமான நட்சத்திரத்தின் ஒளி சில சமயம் தொலைநோக்கிக்கு உள்ளேயே இங்கும் அங்கும் பட்டுத் திரும்பி, இல்லாத இடத்தில் வட்டமாக ஒரு மங்கலைப் போட்டுவிடும். அதைத்தான் கோஸ்ட், அதாவது பேய் என்போம். கண்டுபிடிக்க வழி எளிது. தொலைநோக்கியைச் சற்றுத் திருப்பி அதே இடத்தை எடுத்த இன்னொரு படம் இருக்கும். விண்மீன் மண்டலமாக இருந்தால் அது இருந்த இடத்திலேயே இருக்கும். பேயாக இருந்தால் நகர்ந்திருக்கும். அந்த இரண்டாவது படத்தையும் அந்த அம்மாள் இணைத்திருந்தார். திறந்தேன். என் கேலக்சி நகர்ந்திருந்தது. கொஞ்சநஞ்சம் அல்ல, மூலைக்கே போய்விட்டிருந்தது.

தயிர்சாதத்தை மூடி வைத்துவிட்டு மைத்துனரை அழைத்தேன்.

“மச்சான், எல்லாத்தையும் நிறுத்து. அது கேலக்சி இல்ல. பேய்.”

“பேயா?”

ஸ்பெயின் பெண்மணி எழுதியதையும் வெளிச்சம் உள்ளே பட்டுத் திரும்புவதையும் விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“மாமா, ஃபிளெக்ஸ் ஏழு எடத்துல கட்டியாச்சி.”

“அவுத்துடு.”

“மாலைக்கு சொல்லியாச்சி. சால்வை வாங்கியாச்சி. நோட்டீஸ்ல உங்க பேரு வந்தாச்சி. தலைவரு உங்களப் பத்திப் பேசுறதுக்கு மூணு நாளா மனப்பாடம் பண்ணிகினு இருக்காரு.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “இந்த விஷயம் உங்களுக்கும் அந்த ஸ்பெயின் அம்மாவுக்கும் எனக்குந்தான தெரியும்? ஞாயித்துக்கெழம வரைக்கும் அது கேலக்சியா இருந்துட்டுப் போவட்டும் மாமா. திங்கக்கெழமலேர்ந்து பேயாக்கிக்கலாம்.”

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் மனைவியும் கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் பஸ் ஏறினோம். புதுச்சத்திரம் தாண்டியபோது அவள் கேட்டாள்.

“சொல்லிடப் போறீங்களா?”

“சொல்லாம எப்படி? பொய்யாச்சே.”

“சொல்றதுன்னா மாலை போடுறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. போட்டப்புறம் சொன்னா கழட்டிக் குடுக்கணும். அது அசிங்கம்.”

நியாயமான யோசனையாகத்தான் இருந்தது.

சிதம்பரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போகும்போது முதல் ஃபிளெக்ஸைப் பார்த்தேன். பின்னணியில் நீலமும் ஊதாவுமாக, சுருள் சுருளாகக் கைகளை விரித்துக்கொண்டு ஒரு பிரம்மாண்டமான விண்மீன் மண்டலம். இணையத்தில் எங்கிருந்தோ எடுத்தது. அதன் நடுவே கோட்டும் டையும் போட்ட, குறைந்தது ஆறடி உயரமான ஒரு உடம்பு. அதன் கழுத்துக்கு மேல் என் தலை. மேலே மஞ்சள் எழுத்தில்: ‘மாபெரும் குள்ள கேலக்சியைக் கண்டறிந்த எங்கள் மாமாவே வருக!’

ஆட்டோவில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் ஃபிளெக்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் ஃபிளெக்ஸைப் பார்த்தார்.

“உங்க அண்ணனா?”

“ஆமாங்க,” என்றாள் என் மனைவி, நான் வாயைத் திறப்பதற்குள்.

விழா ஒரு சிறிய கல்யாண மண்டபத்தில். வந்தவர்களுக்கெல்லாம் இட்லியும் கொத்சும் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். நான் மேடையேறிக் கும்பிட்டு, ‘ஒரு விஷயம்’ என்று ஆரம்பிப்பதற்குள் நாதஸ்வரம் வெடித்தது. மாலை வந்து விழுந்தது. அதன் மேல் சால்வை, சால்வையின் மேல் இன்னொரு மாலை. என் மனைவி முதல் வரிசையில் நெற்றியில் கைவைத்துக்கொண்டது பூக்களின் இடுக்கில் தெரிந்தது.

மளிகை மொத்த வியாபாரியான சங்கத் தலைவர் பேசினார். கனத்த உடம்பு, பளபளப்பான வழுக்கைத் தலை, நல்ல குரல். சிதம்பரத்தில் எந்த மேடையில் ஆகாயம் என்று வாயெடுத்தாலும் மூன்றாவது நிமிஷத்தில் சிதம்பர இரகசியம் வந்துவிடும். அவருக்கு இரண்டாவது நிமிஷத்திலேயே வந்துவிட்டது. “ஒண்ணுமே இல்லாத வெட்டவெளியைக் காட்டி, இதுதான்யா எல்லாமேன்னு சொன்ன ஊரு இது! அந்த வெட்டவெளியில ஒண்ணு இருக்குதுன்னு நம்ம வீட்டு மாப்பிள்ள இன்னிக்குக் கண்டுபுடிச்சிருக்காரு!” என்றார். மண்டபம் அதிரக் கைதட்டியது. என் மைத்துனர் எல்லாரையும்விட உயரத்தில் கையை வைத்துத் தட்டினார். அவர் கண்கள் மட்டும் என்னைப் பார்த்து ‘திங்கக்கெழம, திங்கக்கெழம’ என்று கெஞ்சின.

மைக் என் உயரத்துக்கு மேல் இருந்தது. யாரோ வந்து இறக்கிவிட்டார்கள். நான் கும்பிட்டேன்.

“எல்லாரும் மன்னிக்கணும். நான் அதைக் கண்டுபிடிக்கல. கண்டுபிடிச்சதா நெனச்சேன். அது தப்பு. அங்க ஒண்ணுமில்ல.”

தலைவர் தன் நாற்காலியில் மெதுவாகத் திரும்பி மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் கூரையைப் பார்த்தார். மாலைகளைக் கழற்றலாமா, கழற்றினால் யாரிடம் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

நடு வரிசையிலிருந்து தையல்கடை வைத்திருக்கும் அம்மாள் ஒருவர் எழுந்தார்.

“ஒண்ணுமில்லன்னா நீங்க பாத்தது இன்னா சார்?”

“வெளிச்சம்மா. பக்கத்துல இருக்குற நட்சத்திரத்தோட வெளிச்சம் பட்டுத் திரும்பி வந்தது.”

“அது எப்படி?”

சொல்லிப் புரியவைக்க நினைத்தபோது, மண்டபத்தின் கிழக்கு ஜன்னலிலிருந்து மேடை ஓரத்தில் ஒரு துண்டு வெயில் விழுந்திருப்பதைப் பார்த்தேன். இரண்டு அடி நகர்ந்து, என் கைக்கடிகாரத்தின் கண்ணாடியை அந்த வெயிலில் காட்டினேன். எதிர்ச்சுவரில் வட்டமாக ஒரு வெளிச்சம் விழுந்தது.

“இதப் பாருங்க. செவுத்துல ஏதோ இருக்குற மாதிரி தெரியுதா? ஆனா அங்க ஒண்ணும் இல்ல. நான் கைய அசைச்சா அதுவும் அசையும்.” அசைத்தேன். “நெஜமா இருக்குறது அசையாது. நான் பாத்தது அசைஞ்சிடுச்சி. அவ்ளோதாங்க.”

“அட, இதா!” என்றார் ஒருவர். “இத நாங்க பள்ளிக்கூடத்துல வாத்தியாரு மூஞ்சில அடிப்பமே!”

அவர் ஜன்னலோரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கடிகாரம் கட்டிய தன் கையை வெயிலில் நீட்டினார். சுவரில் இரண்டாவது வட்டம் வந்தது. பக்கத்தில் இருந்தவர் செல்போனைத் திருப்பினார், மூன்றாவது. தையல்கடை அம்மாள் டிபன்பாக்ஸ் மூடியோடு ஜன்னலுக்கே போய்விட்டார். அவருடையது எல்லாவற்றையும்விடப் பெரியதாக, கூரை விசிறிவரை போனது. ஒரு நிமிஷத்தில் சுவர் முழுக்கப் பேய்கள். பெரியவர்கள், கடை வைத்திருப்பவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள் எல்லாரும், “என்னுது எது, என்னுது எது?” என்று கேட்டுக்கொண்டு ஜன்னலோரம் முண்டினார்கள். ஒரு வட்டம் மெதுவாக இறங்கி வந்து தலைவரின் வழுக்கை மேல் உட்கார்ந்தது. அங்கிருந்து அது பட்டுத் திரும்பி எங்காவது போனதா என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஆராயத்தக்க விஷயம். இன்னொன்றும் வந்தது. தலைவர் ஈ ஓட்டுவதுபோலக் கையால் தட்டினார். சிரிப்புச் சத்தத்தில் மைக் கீச்சிட்டது.

“போதும்யா, கண்ணு கூசுது!” என்று அவர் கத்தினார். பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

நான் மேஜைமேல் மாலைகளைக் கழற்றி வைத்தேன். தலைவர் அவற்றை எடுத்து மறுபடியும் என் கழுத்திலேயே போட்டார். “சங்கத்துல முப்பது வருஷமா கூட்டம் நடக்குது. மைக்க புடிச்சி, என் தப்புன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். வச்சிக்குங்க,” என்றார்.

மைத்துனர் மட்டும் சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்காரவில்லை. பாயசம் பரிமாறும்போது வாளியோடு வந்தவர் என் இலையில் ஊற்றிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், “ஏழு ஃபிளெக்ஸ் மாமா,” என்றார். அவ்வளவுதான். அடுத்த இலைக்குப் போய்விட்டார். அந்த வருத்தம் எனக்கு ஊருக்கு வந்த பிறகும் வெகுநாள் இருந்தது. அவர் மேல் தப்பில்லை. ஆசைப்பட்டது நான்.

கடலூர் திரும்பியதும், அதுவரை நான் ‘ஆம்’ என்று அழுத்திய எல்லாவற்றையும் மறுபடி எடுத்துப் பக்கத்தில் பிரகாசமான நட்சத்திரம் இருக்கிறதா என்று பார்த்தேன். இன்னும் சில பேய்கள் அகப்பட்டன. அவற்றையெல்லாம் எந்த நட்சத்திரத்தின் பேய், எவ்வளவு தள்ளி விழுந்தது என்று குறிப்போடு ஸ்பெயின் அம்மாளுக்கு அனுப்பினேன். அவர் மகிழ்ந்துபோய், குழுவில் பேய்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என்னிடமே கொடுத்துவிட்டார். எதிர்வீட்டு அம்மாளிடம் என் மனைவி இதை எப்படிச் சொன்னாளோ, அவர் எங்கள் வாசலைத் தாண்டும்போது இப்போதெல்லாம் கொஞ்சம் வேகமாக நடக்கிறார்.

இரண்டு மாதம் கழித்து மைத்துனர் கலெக்டர் ஆபீஸில் ஏதோ வேலையாகக் கடலூர் வந்தார். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதால் மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்து, முன்னறையில் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். ‘இல்லை.’ ‘இல்லை.’ ‘இல்லை.’

ஒரு படத்தில் கைநீட்டினார். “மாமா, இந்தக் கோடு?”

எனக்குக் கோடு எதுவும் தெரியவில்லை. வெகுவாக உற்றுப் பார்த்த பிறகு, மேலிருந்து கீழாக முடியளவு ஒரு வெளுப்புத் தெரிந்தது.

“பிரிண்ட்ஹெட்டுல இங்க் வர்ற ஓட்ட ஒண்ணு அடச்சிகினா எங்களுக்கு இப்படித்தான் வரும். உங்க கேமராவுல ஏதோ ஒரு எடம் செத்துருக்கு.”

அவர் சொன்னது சரியாக இருந்தது. நாள் முழுக்கச் சாம்பலுக்கும் வெளுத்த சாம்பலுக்கும் வித்தியாசம் பார்த்து வயிறு வளர்க்கும் மனிதர் அவர் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை. அதன் பிறகு அவர் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டார். காபி ஆறியது. ஐந்து மணிவாக்கில் ஒரு படம் வந்தது. நான் ‘இல்லை’யை நோக்கிப் போனேன்.

“இருங்க இருங்க. அது இருக்குது மாமா.”

“எது?”

“இந்த ஓரத்துல. மங்கலா. கரையே இல்லாம.”

எனக்குத் தெரியவில்லை. பிறகு தெரிந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் பெரிய நட்சத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. தொலைநோக்கியைத் திருப்பி எடுத்த படத்தைப் பார்த்தேன், அது அதே இடத்தில் இருந்தது. மைத்துனர் ‘ஆம்’ போடச் சொன்னார். எனக்குத் துணிச்சல் வரவில்லை. ‘சந்தேகம்’ என்று அழுத்தினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், ஏழு ஃபிளெக்ஸும் வீணான அன்றுகூட இல்லாத அளவு கோபம் இருந்தது.

ஸ்பெயின் அம்மாள் அதற்கு ‘ஆம்’ சொன்னார். இரண்டு பதில்கள் மாறுபட்டதால் மூன்றாவது ஆளிடம் போனது. அவரும் ‘ஆம்’. அடுத்து வேறு குழு ஒன்று அதை ஆழமாக அலசியது. சில மாதம் கழித்துப் பட்டியல் வந்தபோது, பெயரில்லாமல் ஒரு நீண்ட எண்ணோடு அது அதில் இருந்தது. சின்னஞ்சிறியது. நான் பார்த்ததிலேயே மங்கலானது.

கல்லூரி வராந்தாவிலிருந்தே மைத்துனருக்குப் போன் போட்டேன். பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

“மச்சான், அன்னிக்கு நீ காமிச்ச, அது உண்மைதான். உறுதியாயிடுச்சி. பட்டியல்ல வந்துடுச்சி.”

“நான்தான் அன்னிக்கே சொன்னேனே மாமா,” என்றார். “அப்புறமா பேசுறேன். ஒரு மஞ்சள் நீராட்டு அவசரமா ஓடிகினு இருக்குது, பாதியில மஞ்ச இங்க் தீந்துபோச்சி.”